நடப்போர்க்கு நேரும் தீங்கும் ஓட்டுவோர்க்கு உரிய தண்டனையும்

மோட்டார் வண்டி ஓட்டுவோர், சாலையில் நடந்து செல்வோருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் தீங்கு விளைவிக்கும்போது சட்டம் அவர்களுக்கு என்ன தண்டனை விதிக்கிறது, அத்தண்டனை யாரைக் காக்கிறது என்பதே இவ்வாண்டுச் சொற்பொழிவின் பொருள். இப்பொருளைக் கோயம்புத்தூரில் வைத்துப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் ஒன்று உண்டு. இந்நகரின் கங்கா மருத்துவமனையைச் சேர்ந்த எலும்பு மருத்துவ அறுவைச் சிகிச்சை வல்லுநர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கே, இந்தியச் சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் இன்றைய போக்கைப் பெரிதும் வடிவமைத்தது. அவ்வழக்கில் 2014இல் நீதியரசர் கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைந்தது. அதே வழக்கில்தான் 2025 மே மாதத்தில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் உரைத்தது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றோர் 32,825 பேர், மிதிவண்டியில் சென்றோர் 4,836 பேர். அவ்வாண்டு தமிழ்நாட்டில் மட்டும் இறந்தோர் 17,884 பேர். இத்தனை உயிர்கள் போகும்போது எழும் முதற்குரல், சிறைத் தண்டனையைக் கூட்டுக என்பதாகவே இருக்கிறது. இவ்வுரை வேறொரு முடிவை முன்வைக்கிறது: உயிர் போன பிறகு விதிக்கப்படும் சிறைவாசத்தை எத்தனை ஆண்டுகளுக்கு நீட்டினாலும் நடப்போருக்குக் காவல் கிடைக்காது, வண்டியின் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஓட்டுநரின் கடமை கூட வேண்டும், அக்கடமையை மீறிய கணத்திலேயே, எவர் மீதும் வண்டி மோதுவதற்கு முன்பே, தண்டனை தொடங்க வேண்டும், அது ஓட்டுநர் உரிமத்தின் மீது தவறாமல் படிய வேண்டும்.

1. நம் குற்றவியல் சட்டத்தின் அளவுகோல் மோட்டார் வண்டிக்கு முற்பட்டது. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில், கவனக்குறைவால் பிறர் உயிரைப் போக்குவதற்கென்று தனிப் பிரிவு இல்லாதிருந்து, 1870இல்தான் 304ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. முன்பின் எண்ணாத துணிவாலோ கவனக்குறைவாலோ மரணத்தை விளைவிப்பவருக்கு அதிக அளவாக இரண்டாண்டுச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று அப்பிரிவு வகுத்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் பெட்ரோலில் ஓடும் வண்டியை உருவாக்கியது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து; ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பேருந்தை ஓட்டியது 1920இல், அதாவது அப்பிரிவுக்கு ஐம்பது வயதான பின்னர். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் சென்ற சாலைக்கு அளந்த இரண்டாண்டு என்னும் உச்சவரம்பு, நாற்பது டன் சரக்குந்து ஓடும் சாலைக்கும் 2024 ஜூன் 30 வரை அப்படியே பொருந்தி நின்றது.

2024 ஜூலை 1இல் அச்சட்டத்துக்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 106ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் இவ்வரம்பை ஐந்தாண்டாக உயர்த்தியிருக்கிறது. ஆனால் எவரும் இறக்காத நிலையில், பொதுச் சாலையில் பிறர் உயிருக்கு இடர் விளையும்படி வண்டி ஓட்டுவதற்கான 281ஆம் பிரிவைப் பார்த்தால், ஆறு மாதச் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம் என்றே இருக்கிறது. 1860இன் சட்டத்தில் 279ஆம் பிரிவு சொன்ன அதே ஆயிரம் ரூபாய். ஒரு குடும்பம் பல்லாண்டு வாழப் போதுமானதாக அன்று இருந்த தொகை, இன்று ஒரு காரின் எரிபொருள் கலனை நிரப்பவும் போதாது. மரணத்துக்கான தண்டனையை இரண்டரை மடங்காக்கிய நாடாளுமன்றத்தினர், மரணத்துக்கு முந்தைய நடத்தைக்கான தண்டனையில் கை வைக்கவில்லை என்பது, இவ்வுரை சுட்ட விரும்பும் குறையின் முழு உருவத்தையும் காட்டிவிடுகிறது.

2. குற்றத்தை மெய்ப்பிக்கும் முறையில் நடந்து சென்றவரின் சொல் இடம்பெறுவதில்லை. கொங்கு வட்டாரத்தின் எந்தக் காவல் நிலையத்திலும், விபத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி' என்னும் தொடரைக் காணலாம். பல்லாண்டுப் பழக்கத்தால் படிவத்தின் பகுதியாகவே ஆகிவிட்ட இத்தொடர், நீதிமன்றத்தில் சான்றாக நிற்பதில்லை. கர்நாடக அரசுக்கும் சதீஷ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம், வண்டி அதிவேகமாக வந்தது என்று சாட்சிகள் கூறுவது மட்டும் போதாது, அதிவேகம் என்பது சூழலைப் பொறுத்து மாறும் சொல், எந்த வேகத்தை அதிவேகம் என்கிறார்கள் என்பதை அரசுத் தரப்பு விளக்கிக் காட்ட வேண்டும் என்று கூறி, ஓட்டுநரை விடுவித்ததைச் சரியென்று ஏற்றது. குற்றவியல் நெறியின்படி அத்தீர்ப்பில் பிழை காண இயலாது. ஆனால் அதன் விளைவை நம் சாலைகளில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரவுப் பணி முடித்து, சோமனூரின் விசைத்தறிக் கூடத்திலிருந்தோ திருப்பூரின் பனியன் கம்பெனியிலிருந்தோ மிதிவண்டியில் திரும்பும் தொழிலாளி ஒருவர் மோதுண்டு இறக்கிறார் என்று கொள்வோம். நிகழ்ந்ததை முழுதும் அறிந்தவர் இருவரே. அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர், திடீரென்று குறுக்கே வந்துவிட்டார் என்கிறார். காவல்துறை வரையும் மாதிரி வரைபடம், வண்டியும் உடலும் கிடந்த இடங்களைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, இயந்திரக் கோளாறு இல்லை என்று சொல்லும், கவனக்கோளாறு இருந்ததா என்பதைச் சொல்லாது. நேரில் கண்ட ஓரிருவரும் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் வேலை தேடி வேற்றூர் சென்றிருப்பர், அல்லது பிறழ்சாட்சியாவர், அதாவது காவல்துறையிடம் சொன்னதை நீதிமன்றத்தில் மறுப்பர். கால் முறிந்து பிழைத்தவரின் வழக்கோ, நீதிமன்றத்தின் அனுமதியுடன் இருதரப்பும் சமரசம் செய்துகொள்ளக்கூடிய வகையைச் சேர்ந்தது என்பதால், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிக்கப்பட்டு ராஜியில் முடிந்துவிடும்.

இக்குறையைத் தீர்ப்பதற்காக, குற்றமற்றவராகவே கொள்ளப்பட வேண்டும் என்னும் அடிப்படை உரிமையை ஓட்டுநரிடமிருந்து பறிக்க வேண்டும் என்று எவரும் கோரலாகாது, அப்பாதை ஆபத்தானது. குற்றவியலுக்கு வெளியே, இழப்பீட்டுச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. நெதர்லாந்தின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் தன் 185ஆம் பிரிவில், மோட்டார் வண்டி நடப்போர் மீதோ மிதிவண்டியினர் மீதோ மோதினால், தவிர்க்கவே இயலாத நிகழ்வு என்று வண்டியின் உரிமையாளர் மெய்ப்பித்தாலன்றி, பொறுப்பு அவருடையதே என்று வைக்கிறது. அடிபட்டவரிடம் தவறு இருந்தாலும் இழப்பில் பாதியேனும் அவருக்குக் கிடைக்கும். பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையாயின் முழுவதும் கிடைக்கும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவும், எவர் தவறு என்று கேளாமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் என்று வழங்குகிறது. ஆயினும் அதைவிடக் கூடுதலாகப் பெற விரும்பி 166ஆம் பிரிவின்கீழ்த் தீர்ப்பாயத்துக்குச் செல்லும் குடும்பத்தினர், ஓட்டுநரின் கவனக்குறைவைத் தாமே நிறுவ வேண்டியிருப்பதோடு, இறந்தவரின் பங்குத் தவறு என்னும் வாதத்தால் தொகை குறைக்கப்படுவதையும் ஏற்க வேண்டியிருக்கிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு விலையில்லா மிதிவண்டியைத் தன் கையால் கொடுக்கும் அரசு, அப்பிள்ளை சாலையில் அடிபட்டால் தவறு யாருடையது என்று நிறுவும் சுமையைப் பெற்றோரின் தலையில் வைப்பது முறையாகாது.

3. நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டனை, வழக்குக்கு வழக்கு ஒப்பிட முடியாதபடி வேறுபடுகிறது. 2006 நவம்பரில் மும்பையின் கார்ட்டர் சாலையில், நடைபாதையில் உறங்கிய கூலித் தொழிலாளர்கள் மீது மது அருந்தியவர் ஓட்டிய கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கில், விசாரணை நீதிமன்றம் ஆறு மாதச் சிறை விதித்தது. மும்பை உயர் நீதிமன்றம் அதைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம், அதாவது இச்செயலால் உயிர் போகக்கூடும் என்று அறிந்தே செய்த குற்றம் என்று கொண்டு மூன்றாண்டு விதித்தது. 2012இல் அலிஸ்டர் ஆண்டனி பெரேரா வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மது அருந்தி வண்டி ஓட்டுபவர் விளைவை அறிந்தவரே என்னும் இக்கோட்பாடு சிறந்தது, வரவேற்கத்தக்கது. ஆனால் பத்தாண்டு வரை இடமளிக்கும் பிரிவில் ஏழு உயிர்களுக்கு மூன்றாண்டு என்று முடிந்ததையும் சேர்த்தே நோக்க வேண்டும். பஞ்சாப் அரசுக்கும் சௌரப் பக்ஷிக்கும் இடையிலான வழக்கில், இருவர் உயிர் போன விபத்துக்கு ஓராண்டு விதிக்கப்பட்டிருந்ததை, 85,000 ரூபாய் இழப்பீடு கொடுத்ததைக் காரணம் காட்டி, ஏற்கெனவே சிறையில் கழித்த இருபத்துநான்கு நாள் போதும் என்று உயர் நீதிமன்றம் குறைத்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதை ஆறு மாதமாக்கி, 304ஏ பிரிவின் தண்டனையை மறுஆய்வு செய்யுமாறு சட்டம் இயற்றுவோரைக் கேட்டுக்கொண்டது. மேல் வரம்பை மட்டும் சொல்லிக் கீழ் வரம்பைச் சொல்லாத சட்டத்தில் இவ்வேறுபாடு தவிர்க்க இயலாதது. ஐந்தாண்டு என்று மாறிய பின்னும் அது தொடரும்.

4. மோதுவதற்கு முந்தைய கடமை மீறலுக்கு விலை மிக மலிவு. இச்சொற்பொழிவின் மையம் இதுவே என்பதால் இங்குச் சற்று விரிவாக நிற்பது தகும். 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், நடப்போர், மிதிவண்டியினர், குழந்தைகள், முதியோர் போன்ற எளிதில் தீங்குக்கு ஆளாவோரிடம் ஓட்டுநர் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்றும், சைகை விளக்கு இல்லாத கடவையில் நடப்போருக்கே முன்னுரிமை என்றும் தெளிவாகக் கூறுகின்றன. இவ்வொழுங்குமுறைகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஏ பிரிவு விதிக்கும் அபராதம் 500 ரூபாய்க்குக் குறையாமலும் 1,000 ரூபாய்க்கு மிகாமலும் இருக்கும். அதே சட்டத்தின் 194இ பிரிவு, ஆம்புலன்ஸ் வண்டிக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதச் சிறையோ விதிக்கிறது. அடிபட்டவரைச் சுமந்து செல்லும் வண்டிக்கு வழிவிடாமைக்கு 10,000, அவர் அடிபடாமல் சாலையைக் கடக்க வழிவிடாமைக்கு 500 முதல் 1,000 வரை என்னும் இவ்விரு தொகைகளையும் அவையோர் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். முதலாவது தொகை மிகை என்பது கருத்தன்று, இரண்டாவதை அதற்கு நிகராக்க வேண்டும் என்பதே கருத்து.

ஆபத்தான ஓட்டுதலைக் குறிக்கும் 184ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், சிவப்பு விளக்கை மீறுதல், கைப்பேசியைப் பயன்படுத்துதல், போக்குக்கு எதிர்த்திசையில் செல்லுதல் முதலியவற்றைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கடவையில் நிற்பவரை மதியாமல் செல்வதும், நடைபாதையில் வண்டி ஏற்றுவதும், மிதிவண்டியை உரசிச் செல்வதும் அப்பட்டியலில் பெயர் பெறவில்லை. அவற்றையும் சேர்த்தால், புதுச் சட்டம் எதுவும் இயற்றாமலே நடப்போரின் நிலை உயரும்.

கோயம்புத்தூருக்கு இது கூடுதல் அவசரம் உடையது. போக்குவரத்து தடையின்றிச் செல்ல வேண்டும் என்பதற்காக இந்நகரில் பல சந்திப்புகளில் சைகை விளக்குகள் நீக்கப்பட்டு, யு-திருப்பங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. சிவப்பு விளக்கு எரியும் நேரம் ஒன்றே நடப்பவருக்குக் கிடைத்த உரிமையான நேரம். விளக்குப் போனபின் வண்டி நிற்கும் என்னும் நம்பிக்கை ஒன்றே அவருக்கு எஞ்சுகிறது, அந்நம்பிக்கையை மீறுவோருக்கான தண்டனையோ 500 முதல் 1,000 ரூபாய் வரை மட்டுமே. நகருக்கு வெளியே நிலைமை வேறு வகையானது. இருபுறமும் வேலி சூழ்ந்து, காட்டுக்கும் ஊருக்கும் இடையே நடையும் மாட்டு வண்டியும் போன இட்டேரிகள் பல இன்று தார்ச்சாலைகளாகி, நேரே நெடுஞ்சாலையில் போய்ச் சேருகின்றன. இட்டேரியில் நடந்து பழகிய முதியவர், அதன் முடிவில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை எதிர்கொள்கிறார். குறுக்கே வந்துவிட்டார் என்று அறிக்கையில் எழுதப்படுபவர் பெரும்பாலும் இவரே. அவர் குறுக்கே வரவில்லை, அவர் நடந்த பாதைக்குக் குறுக்கே நெடுஞ்சாலை வந்தது.

5. மோதிவிட்டுத் தப்புவோருக்கான சட்டம் பாதியில் நிற்கிறது. 2022இல் இத்தகைய விபத்துகளில் நாடெங்கும் இறந்தோர் 30,486 பேர். விபத்தை உடனே காவல் அலுவலரிடமோ நடுவரிடமோ தெரிவிக்காமல் தப்பினால் பத்தாண்டு வரை சிறை என்று நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கூறியது. 2024 ஜனவரித் தொடக்கத்தில் சரக்குந்து ஓட்டுநர்கள் நாட்டின் பல பகுதிகளில் வேலைநிறுத்தம் செய்ததை அடுத்து, பிப்ரவரி மாத அறிவிக்கை அவ்வுட்பிரிவை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் விட்டது. நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் லாரித் தொழிலால் வாழும் ஊர்கள். அவற்றின் ஓட்டுநர்கள் சொன்ன அச்சத்தை இவ்வுரை புறந்தள்ளவில்லை. நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் பத்தாண்டு என்பது அவர்கள் வாதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே, கூட்டத்தின் சீற்றத்தால் இயலாத நிலையைத் தவிர, காயமுற்றவருக்கு மருத்துவ உதவி செய்வது ஓட்டுநரின் கடமை என்று அவ்வச்சத்துக்கு இடமளித்தே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அக்கடமையிலிருந்து தவறினால் 187ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் அல்லது 5,000 ரூபாய் மட்டுமே. பத்தாண்டுக்கும் 5,000 ரூபாய்க்கும் இடையே இருக்கும் பெரும் வெளியில், பாதுகாப்பான இடத்துக்குச் சென்று குறித்த நேரத்துக்குள் தொலைபேசியில் தெரிவித்தாலே கடமை நிறைவேறும், தெரிவிக்காவிடில் உரிமம் உறுதியாகப் போகும் என்னும் நடுவழி ஒன்றைச் சட்டம் வகுத்திருக்கலாம். அவ்வழி இன்றும் திறந்தே இருக்கிறது.

6. தண்டனை படிய வேண்டிய இடம் உரிமம். பொதுச் சாலையில் வண்டி ஓட்டுவது பிறவியில் வந்த உரிமையன்று, அரசு தேர்வு வைத்துத் தரும் அனுமதி. அவ்வனுமதியை நிறுத்தும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் உரிமம் வழங்கும் அலுவலருக்கும், 20ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கும் உண்டு. 2019 திருத்தத்தின்படி புத்தாக்கப் பயிற்சியை முடித்த பின்னரே உரிமம் திரும்பும். 21ஆம் பிரிவு, உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்து வழக்குப் பதிவானால் ஆறு மாதத்துக்கு உரிமம் தானே நின்றுபோகும் என்கிறது. ஆனால் முன்னரே 184ஆம் பிரிவில் தண்டனை பெற்றவருக்கு மட்டும் அது பொருந்தும். அம்முன்நிபந்தனை இருக்கும்வரை, முதல் உயிரைப் போக்கியவரின் உரிமம் தானாக நிற்பதில்லை. ராஜசேகரன் வழக்கில் தோன்றிய குழு 2015இல், அதிவேகம், மது, கைப்பேசி, சிவப்பு விளக்கை மீறுதல் முதலிய குற்றங்களுக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் உரிமத்தை நிறுத்துமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. நடப்போருக்கு வழிவிடாமையையும் அவ்வரிசையில் வைப்பதே அடுத்த படி.

வாடகை வண்டியாலும் லாரியாலும் பிழைப்பவருக்கு உரிமம் போனால் அடுப்பு எரியாது என்னும் மறுப்பு நேர்மையானது, அதற்கு விடை சொல்லியாக வேண்டும். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வரம்பிட்டிருந்தது; பணி நேர வரம்பைத் தாண்டி ஓட்டவைப்பவர் உரிமையாளர். பேருந்துக்கு நிமிடக் கணக்கு வைத்து விரட்டுபவரும் அவரே. ஆகவே ஓட்டுநரின் உரிமத்தைத் தொடும் கை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 86ஆம் பிரிவு தரும் அதிகாரத்தால் உரிமையாளரின் பெர்மிட்டையும் தொட வேண்டும். காப்பீட்டிலும் இதே ஓட்டை இருக்கிறது: மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் இயந்திரத்தின் திறனையும் சரக்கு வண்டியின் மொத்த எடையையும் வைத்தே நிர்ணயிக்கப்படுவதால், ஒரு வண்டி எத்தனை பேரை மோதியிருந்தாலும் அடுத்த ஆண்டு அதன் உரிமையாளர் கட்டும் தொகை மாறுவதில்லை.

7. இப்போது மாநில அரசின் கையில் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 7இல் உச்ச நீதிமன்றம் இதே ராஜசேகரன் வழக்கில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ), 210டி ஆகிய பிரிவுகளின்கீழ் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. முதற்பிரிவு நடப்போரும் இயந்திரமற்ற வண்டிகளும் பொதுவிடங்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் செல்வதை ஒழுங்குபடுத்துவது பற்றியது. இரண்டாவது சாலைகளின் வடிவமைப்புத் தரம் பற்றியது. ஒழுங்குபடுத்துதல் என்னும் சொல்லை, நடப்போரை நெடுஞ்சாலையிலிருந்து விலக்குதல் என்று பொருள்கொண்டு விதி எழுதுவது எளிது. அவ்வாறு எழுதப்படுமானால், தைப்பூசத்துக்குக் காவடி சுமந்து, ஒளிரும் பட்டைகளை ஒட்டிக்கொண்டு, ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் இரவெல்லாம் பழனிக்கு நடக்கும் மக்கள் தங்கள் சாலையிலேயே குற்றவாளிகளாவர். தாராபுரம் வழியிலும் உடுமலை வழியிலும் நடப்போருக்கென்று எத்தனை அடி அகலம் ஒதுக்கப்படும், அவ்வகலத்துக்குள் வண்டியை இறக்குபவர் என்ன அபராதம் கட்டுவார், அவருடைய உரிமத்தை எத்தனை நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலரின் நடவடிக்கைக்கு அனுப்ப வேண்டும், பாதையை அமைக்கத் தவறிய சாலைத் துறை அலுவலர் யாருக்கு விடை சொல்ல வேண்டும் என்னும் நான்கையும் எண்ணிக்கையோடு எழுதும் விதிகளையே தமிழ்நாடு அரசு வெளியிட வேண்டும் என்று இவ்வவையின் வழக்குரைஞர்களும் மாணவர்களும் எழுத்து வடிவில் கோருவார்களாக.